ஈறுகளைப் பற்றி மகனுக்கு

அன்புள்ள மகன் செழியனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். அப்பத்தா இருக்கிறபடி இருக்கிறார்கள். தொலைபேசியில் பேச்சை எடுத்தாலே "சரிம்மா, பார்க்கிறேன்" என்று நீ முடித்துவிடுவதால் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிடு.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது, பல் துலக்கிவிட்டுப் போன பிறகு வாஷ்பேசினில் இளஞ்சிவப்பாய் நுரை தங்கியிருந்ததைப் பார்த்தேன். ஒரு நாள் மட்டும் என்றால் பிரஷ் குத்தியிருக்கும் என்று விட்டிருப்பேன். நீ இங்கே இருந்த வரை அப்படியேதான் இருந்தது. உனக்காகச் சுட்ட முறுக்கையும் ஒரு பக்கமாகவே வைத்துக் கடித்தாய். கேட்டதற்கு, "ஆடுகிற பல்லைப் பிடுங்கிப் போட்டால் தீர்ந்தது" என்றாய். தீராது, தம்பி.

உனக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு நோய் எளிதில் பற்றும். பற்றிய ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்குள் நிற்க விடாது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கு 3 மில்லிமீட்டரைத் தாண்டி ஆழமாகிவிட்டால் அதன் அடிவரைக்கும் பிரஷ் எட்டாது. காற்றுப் புகாத அந்த இடத்தில் வளரும் கிருமிகளில் மோசமானது போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். அது ஜிஞ்சிபெய்ன் என்னும் நொதிகளைச் சுரந்து நம் உடலின் புரதங்களை அரித்துத் தின்று பிழைக்கிறது. ஈறு புண்ணாகிவிட்டால் மெல்லும்போதும் துலக்கும்போதும் அந்தக் கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. இவ்வளவையும் நான் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கிருமிக்கும் மூளைக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதை மட்டும் ஓய்வு பெற்ற பிறகு, அப்பத்தாவைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் தேடிப் படித்தேன்.

2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நினைவை அழிக்கும் அல்சைமர் என்ற மறதி நோயால் இறந்தவர்களின் மூளைத் திசுக்களைச் சோதித்தபோது 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் அந்த ஜிஞ்சிபெய்ன் இருந்தது. எலிகளின் வாயில் இதே கிருமியைத் தொற்ற வைத்தபோது அது மூளைக்குள் போய்ச் சேர்ந்ததோடு, அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படிகிற அமிலாய்டு புரதமும் அங்கே கூடியது. தைவான் மக்களை வைத்து 2017இல் வெளியான கணக்கின்படி, ஈறு நோய் வந்து பத்து ஆண்டுகளைக் கடந்தவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு, அது இல்லாதவர்களைப் போல 1.7 மடங்காக இருந்தது. உனக்கு எப்போது தொடங்கியது என்று எண்ணிப் பார். கல்லூரி விடுதியிலிருந்து வந்த நாட்களிலேயே வாய் நாற்றத்துக்காக ஏலக்காய் மென்றுகொண்டிருந்தாய்.

நீ படித்தவன், எதையும் சான்று கேட்டு ஏற்பவன்; அதில் எனக்குப் பெருமைதான். அதனால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன். ஜிஞ்சிபெய்னைத் தடுக்கும் மருந்து ஒன்றை 600க்கும் மேற்பட்ட அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; அது நினைவு மங்குவதைத் தடுக்கவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. மறதி இல்லாமல் இறந்த சிலருடைய மூளையிலும் அந்த நொதி குறைந்த அளவில் இருந்ததாக முதலில் சொன்ன ஆய்வே சொல்கிறது. மறதி வந்தவர்கள் பல் துலக்குவதையும் மறந்துவிடுகிறார்கள் என்பதால், எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். அப்பத்தா விஷயத்தில் எனக்கே அது விளங்கவில்லை. வெற்றிலையும் புகையிலையுமாய் இருந்தவர்களுக்கு ஐம்பது வயதிலேயே ஈறு கெட்டுவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவே மறுப்பது நினைவு தப்பிய பிறகு வந்தது.

தினமும் இரவில் அவர்களை நிமிர்த்தி உட்கார வைத்து, குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷை நனைத்து, நான் என் வாயைத் திறந்து காட்டி, அவர்களும் திறக்கும் வரை காத்திருக்கிறேன். கீழ்த்தாடையின் முன்பற்களுக்கு உட்புறம் காரை கல்லாய் இறுகிக் கிடக்கிறது. அங்கே பட்டால் இரத்தம் வரும். உடனே உதட்டை இறுக மூடிக்கொள்வார்கள். கொப்பளிக்கச் சொன்னால் விழுங்கிவிடுகிறார்கள் என்பதால் ஈரத் துணியை விரலில் சுற்றித் துடைத்தெடுக்கிறேன். மூளைக்கு அதனால் நன்மை உண்டா என்பது இருக்கட்டும். வாயிலுள்ள கிருமி நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வருவது முதியோர் இல்லங்களில் வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டதால் குறைந்தது என்று ஜப்பானில் ஆய்வு செய்தே காட்டியிருக்கிறார்கள். எனக்கு அதுவே போதும்.

பிடுங்கிவிடலாம் என்கிறாயே, அதே ஜப்பானின் ஹிசயாமா என்ற ஊரில் முதியவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, இருபது பற்களாவது இருந்தவர்களைவிடப் பத்துக்கும் குறைவாக இருந்தவர்களுக்கு மறதி நோய் அதிகம் வந்திருந்தது. பல் போவதும் நல்லதில்லை, ஈறு புண்ணாகவே இருப்பதும் நல்லதில்லை. இருக்கிற பல்லைக் காப்பாற்றிக்கொள்.

அந்தப் பச்சைத் திரவத்தை ஊற்றி ஊற்றிக் கொப்பளிப்பதையும் நிறுத்து. நாற்றத்தை அது மறைக்கும், காரையை எடுக்காது. வாயில் நமக்கு வேண்டிய கிருமிகளும் இருக்கின்றன. கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை அவை மாற்றிக் கொடுப்பதால்தான் இரத்த நாளங்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு உடலுக்குக் கிடைக்கிறது. கிருமிகளைக் கொல்லும் கடுமையான திரவங்கள் அவற்றையும் சேர்த்தே அழிக்கும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2025இல், ஐம்பது வயதைக் கடந்தவர்களின் வாயில் எந்தக் கிருமிகள் மிகுந்திருக்கின்றன என்பதற்கும் அவர்களுடைய நினைவாற்றலுக்கும் தொடர்பைக் கண்டிருக்கிறார்கள். அல்சைமர் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ4 என்ற மரபணு உள்ளவர்களிடம் சில கிருமிகள் கூடுதலாக இருந்ததையும் அதில் எழுதியிருக்கிறார்கள். அந்த மரபணுவைப் பற்றிப் படித்தபோது பெரியப்பாவின் கடைசி ஆண்டுகள் நினைவுக்கு வந்தன. அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

மெல்போர்னில் பெரியவர்களின் பல் வைத்தியத்துக்கு அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கை கொடுக்காது என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. செலவுதான் தடை என்றால் கூச்சப்படாமல் சொல். என் ஓய்வூதியம் வங்கியில் சும்மாதான் கிடக்கிறது. வீடு வாங்கினாய், எங்களுக்கு இருதய மருத்துவம் பார்த்தாய், தங்கைக்குப் பிரசவச் செலவு செய்தாய். உன் வாய்க்கு ஒரு மணி நேரம் ஒதுக்க மட்டும் உனக்கு மனம் வரவில்லை. ஈறு மருத்துவரிடமே போ. ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் இடுக்கின் ஆழத்தை அளந்து எழுதச் சொல்லி, அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. மேலோடு சுத்தம் செய்வது போதாது. ஈறுக்கு அடியில், வேர் வரை சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது காட்டச் சொல்வார்கள், விடாமல் போ. இரவில் துலக்காமல் படுக்காதே. சர்க்கரையையும் பார்த்துக்கொள்.

இன்னொன்று. அன்று அப்பத்தா உன்னை யாரோ என்று நினைத்துக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னதிலிருந்து, பேசும்போதெல்லாம் அவர்களைப் பற்றி நீ விசாரிப்பதே இல்லை. அது நோய், தம்பி. உன்னை வளர்த்த கை அது. காலையில் காபி குடித்த பிறகு கொஞ்ச நேரம் தெளிவாக இருக்கிறார்கள். உனக்கு அப்போது மதியமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் கூப்பிடு. போனை அவர்களிடம் கொடுக்கிறேன். மருத்துவரிடம் எந்தத் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறாய் என்பதையும் அப்போதே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா