பிரிக்காத சம்பளச் சீட்டு

அம்பத்தூர்
பிப்ரவரி 8, ஞாயிறு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து, வேளை தவறாமல் சொட்டு மருந்து விடும் பொறுப்பு என் தலையில். கண்ணைத் திறக்கச் சொன்னால் வாயைத் திறக்கிறாள். அதனால்தான் தாமதம்.

பழைய கம்பெனி விவகாரம் கேட்டிருந்தாய். வேலையை விட்ட பிறகும் தவறுதலாக வந்த ஒரு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். "உச்ச நீதிமன்றமே பிடிக்கக் கூடாது என்றுவிட்டதே, கம்மென்று இரு" என்று எழுதியிருந்தாயே, அந்த 2014 பஞ்சாப் வழக்குத் தீர்ப்பை நானும் தேடிப் படித்தேன். உங்கள் பள்ளி அலுவலக உதவியாளருக்கு அது கைகொடுக்கும். மூன்றாம், நான்காம் நிலை அரசு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் போன்றோரிடம், தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைப் பிடித்தம் செய்யக் கூடாது என்கிறது. தனியார் வேலையை விட்ட பிறகும் ஒரு மாதச் சம்பளம் வாங்கிய எனக்கு அதில் ஏது இடம்? எனக்கு உரியது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு. தவறுதலாக வந்த பணமா, திருப்பிக் கொடு. அவ்வளவுதான்.

கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. சண்டை தொகையைப் பற்றியது. ஏழு நாள் கெடு வைத்து அவர்கள் கேட்டது 1,20,000 ரூபாய். வங்கியில் விழுந்ததோ 1,10,850. வருமான வரிக்கு 7,350, பி.எஃப்.புக்கு 1,800 பிடித்தது போக வந்தது அது. கைக்கு வராததை எங்கிருந்து கொடுப்பேன்? சம்பளத்தில் பிடித்த வரிக்கான காலாண்டு டிடிஎஸ் கணக்கைத் திருத்தி அனுப்பி வரியை அவர்கள் சரிசெய்துகொள்ளட்டும். இல்லாவிட்டால் ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் படிவம் 16இல் நான் திருப்பிக் கொடுத்த சம்பளமும் என் வருமானமாக நிற்கும். நான்கு மின்னஞ்சலுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். மார்ச்சுக்குள் மூன்று தவணை. பாக்கி இல்லை என்று கடைசியில் கடிதம் தர வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிவிட்டேன்.

சம்பளப் பட்டியல் போடும் பையன் தனியாக அழைத்தான். நான் விலகியதைக் கணினியில் பதிய மறந்தது அவன்தானாம். "சார், கொஞ்சம் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள்" என்றான். மிரட்டல் கடிதத்துக்கு வராத கூச்சம் அப்போது வந்தது.

ஏனென்றால், செல்வம், அவர்களுக்கு நான் எழுதிய பதிலில் ஒரு வரி பொய். செப்டம்பர் 30ஆம் தேதி விலகினேன். அக்டோபர் 31 அன்று பணம் வந்தது. மீதமிருந்த விடுப்புக்கான ஊதியம் என்று நினைத்துவிட்டதாக எழுதினேன். சம்பளச் சீட்டும் அன்றே மின்னஞ்சலில் வந்திருந்தது, தலைப்பிலேயே "அக்டோபர்" என்று. அதைத் திறக்காமல் விட்டேன். எனக்கு மீதமிருந்த விடுப்பு நான்கு நாள். நான்கு நாளுக்கு யார் லட்ச ரூபாய் கொடுப்பார்கள்? மறுவாரமே மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அது போயிற்று. வீட்டில்கூட இதைச் சொல்லவில்லை.

பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோயிலுக்கு வருகிறோம். இரண்டு நாள் உன் வீட்டில்தான். அதற்குள் மூன்றாவது தவணையும் கட்டியிருப்பேன். ஆனால் கையில் காசு இருக்காது, ஊர் திரும்பும் பஸ் டிக்கெட் நீதான் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
முருகேசன்