மாக்ஸ் கானெர்: ஒரு பதிப்பாளரைப் பற்றி நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பது பெரிய ஆறுதல். இங்கே அனைவரும் நலம். மகளுக்குப் பணியிட மாறுதல் கிடைத்து அருகிலேயே வந்துவிட்டதால் வீடு மறுபடியும் கலகலப்பாக இருக்கிறது.

நெருக்கடியில் இருக்கும் ஒரு மொழியைக் காப்பவர்களின் வரிசையில் பதிப்பாளர்களைக் கவிஞர்களுக்கும் போராளிகளுக்கும் பின்னால்தான் வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. சில மாதங்களாக, ஸ்பெயினின் வடகிழக்கிலுள்ள கட்டலோனியாவின் மொழியான கட்டலானின் அண்மைக்கால வரலாற்றைப் படித்துவருகிறேன். அதில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் மாக்ஸ் கானெர் என்ற பெயர் எதிர்ப்படுகிறது. பதிப்பாளர், இலக்கிய வரலாற்றாசிரியர், அரசியல்வாதி ஆகிய மூன்றுமாக இருந்தவர் அவர். அவருடைய வாழ்க்கையையே தங்களுக்கு மறுமொழியாக எழுதுகிறேன்.

ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்ட 1936ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாட் கோடெஸ்பெர்க் நகரில் பிறந்த கானெர், பார்சிலோனாவில் படித்து வேதியியலில் பட்டம் பெற்றார். அவர் வளர்ந்த காலத்தில் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கட்டலான் மொழியைப் பள்ளிகளிலிருந்தும் நாளிதழ்களிலிருந்தும் அரசு அலுவலகங்களிலிருந்தும் விரட்டியிருந்தது. திருச்சபையின் வெளியீடுகளுக்கு மட்டும் சற்றே கூடுதலான இடம் இருந்தது. மொன்செராத் மடாலயத்தின் 'செர்ரா தோர்' என்ற இதழை 1959இல் ரமோன் பஸ்தார்தெஸ் என்ற தோழருடன் சேர்ந்து கானெர் புதுப்பித்து, அதைக் கட்டலான் மொழியின் பொதுவான பண்பாட்டு இதழாக்கியபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. மடாலயத்தின் நிழல் இல்லாமல் அன்று அப்படியோர் இதழ் நிலைத்திருக்க முடியாது என்பதை அந்த இளைஞர் தெளிவாகக் கண்டிருந்தார்.

அதே இருவரும் தொடங்கிய பதிப்பகந்தான் 'எடிசியோன்ஸ் 62'. 1962இல் தொடங்கப்பட்டதால் அந்தப் பெயர். முதல் வெளியீடாக வலென்சியாவைச் சேர்ந்த ஜோவான் ஃபுஸ்தெரின் 'நாம் வலென்சியர்கள்' என்ற நூலைத் தேர்ந்தெடுத்ததிலேயே கானெரின் எண்ணப் போக்கு புலப்படுகிறது. பார்சிலோனாவில் தொடங்கும் ஒரு பதிப்பகம், தன் நகரத்தின் புகழைப் பாடாமல், அதே மொழியைப் பேசும் இன்னொரு நிலத்தின் வரலாற்றையும் அடையாளத்தையும் விசாரிக்கும் நூலோடு வெளியே வருகிறது. கட்டலோனியா, வலென்சியா, பலேயாரிக் தீவுகள் எல்லாம் ஒரே வாசகப் பரப்பு என்ற எண்ணம் கடைசிவரை அவரை விட்டு அகலவில்லை. அடுத்த ஆண்டே எழுத்தாளர் மனுவெல் தெ பெத்ரோலோவின் பொறுப்பில் துப்பறியும் நாவல்களுக்கென்று ஒரு தனி வரிசையும் தொடங்கியது. ஒரு மொழியில் காவியங்கள் மட்டும் இருந்தால் போதாது, ரயிலில் படிக்கும் கதையும் அந்த மொழியிலேயே கிடைக்க வேண்டும் என்பதை அந்தப் பதிப்பகம் எவ்வளவு சீக்கிரம் உணர்ந்திருந்தது என்பதை எண்ணி வியக்கிறேன்.

1964இல் கானெர் ஸ்பெயினைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஆயினும் அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. அறுபதுகளின் நடுவில், பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் தம் மொழியைப் படித்திராத மக்களுக்கு அந்த மொழியிலேயே ஒரு முழுமையான கலைக்களஞ்சியம் தரும் திட்டம் உருவெடுத்தது. திட்டம் பதிப்பகத்தின் வசதியை மீறி வளர்ந்ததால் பண நெருக்கடி ஏற்பட்டது. தனி நிறுவனம் ஒன்று அமைந்து பணி அதன் கைக்குப் போனது. கானெர் விலக நேர்ந்தது. 1980இல் பதினைந்து தொகுதிகளும் நிறைவுற்றன. கணக்கைப் பார்த்துத் தொடங்குபவராக அவர் இருந்திருந்தால் அந்தக் கலைக்களஞ்சியம் தொடங்கியே இருக்காது என்பது என் துணிபு. அந்தத் துணிச்சலின் விலையை அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்தே கொடுத்தார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

விலகியவர் சும்மா இருக்கவில்லை. 1972இல் 'குரியால்' என்ற புதிய பதிப்பகத்தைத் தொடங்கி, ஆய்வு நூல்களையும் ஆய்விதழ்களையும் வெளியிட்டார். அதன் பட்டியலில் மொழியியலாளர் ஜோவான் கொரோமினெஸின் சொற்பிறப்பு அகராதி என்னை அதிகம் ஈர்த்தது. போருக்குப் பின் நாட்டைவிட்டுச் சென்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அந்தப் பேரறிஞர் வாழ்நாள் முழுவதும் திரட்டிய தரவுகள், 1980 தொடங்கித் தொகுதி தொகுதியாக வந்தன. அதற்குப் பின் கட்டலான் நிலங்களின் இடப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் ஆராயும் எட்டுத் தொகுதிகள் 1989க்கும் 1997க்கும் இடையில் வெளியாயின. கொரோமினெஸ் 1997இல் காலமானார். விற்பனைக் கணக்கு எதுவும் நியாயப்படுத்தாத இத்தகைய நூலுக்கு, ஆசிரியரின் முதுமையையும் அச்சகத்தின் தாமதத்தையும் பொறுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பதிப்பாளர் ஒருவர் தேவைப்படுகிறார். அவரைக் கவிஞருக்குப் பின்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

பிராங்கோவின் ஆட்சி முடிந்தபின், 1980இல் கட்டலோனியாவின் தன்னாட்சி அரசு தேர்தல் வழியே அமைந்தபோது, அதன் தலைவர் ஜோர்டி புஜோல் கானெரைப் பண்பாட்டு அமைச்சராக்கினார். 1984 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். அந்த நான்கு ஆண்டுகளில் நடந்தவற்றைப் பாருங்கள். 1981இன் நூலகச் சட்டம் 'பிப்லியோதேகா தெ கத்தலூன்யா' என்ற நூலகத்தைத் தேசிய நூலகமாக்கியது. மொழிக் கொள்கைக்கெனத் தனி இயக்ககம் உருவாகி, மொழியியலாளர் ஐனா மோல் அதன் பொறுப்பை ஏற்றார். 'நோர்மா' என்ற சிறுமியின் கேலிச்சித்திரம் 1982இல் மக்களிடையே மொழிப் பயன்பாட்டை ஊக்குவித்தது. 1983இல் கட்டலான் மொழியைப் பொதுவாழ்வில் மீண்டும் இயல்பான புழக்கத்துக்குக் கொண்டுவரும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு செப்டம்பரில் கட்டலான் மொழியின் தொலைக்காட்சியான 'டிவி3' சோதனை ஒளிபரப்பைத் தொடங்கியது. இவை ஒருவரின் சாதனைகள் அல்ல, பலர் உழைத்தார்கள். ஆனால் ஒரு மொழிக்கு நூலகம், சட்டம், செய்தி வாசிக்கும் குரல் எல்லாம் வேண்டும் என்று சிந்திக்கும் பழக்கத்தை அவர் பதிப்பகத்திலிருந்தே அமைச்சகத்துக்குக் கொண்டுபோனார் என்று நினைக்கிறேன்.

பதவியை விட்டபின் அவர் மறுபடியும் இதழுக்கே திரும்பினார். வரலாற்றாசிரியரும் அரசியல்வாதியுமான அந்தோனி ரோவிரா இ விர்ஜிலி 1924இல் நிறுவிய 'ரெவிஸ்தா தெ கத்தலூன்யா' 1986இல் அவர் முயற்சியால் மீண்டும் வெளிவந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான கட்டலான் இலக்கியத்தைப் பற்றிய அவருடைய விரிவான ஆய்வு நூல், அறுபது வயதைக் கடந்த பிறகுதான் வெளிவரத் தொடங்கியது. பிறருடைய நூல்களுக்குச் செலவழித்த ஆண்டுகளில் கொஞ்சத்தையாவது தம் நூலுக்கு அவர் ஒதுக்கியிருக்கலாமே என்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 2013 அக்டோபரில் அவர் மறைந்தார்.

கொரோமினெஸின் இடப்பெயர் ஆய்வைப் பற்றி அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன். அதற்குள் தங்கள் மறுப்பை எழுதி அனுப்புங்கள். கண்ணுக்கு அதிக வேலை கொடுக்காமல், மருத்துவர் சொன்னபடி ஓய்வெடுத்துக்கொண்டே எழுதுங்கள், எனக்கு அவசரமில்லை. வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்