இளவேனிலில் தோட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளிர்காலம் முடிந்து வெயில் முகம் காட்டியதுமே, தோட்டம் வைத்திருப்போர் பலர், சென்ற கோடையில் தானியங்கித் தெளிப்பானுக்குக் குறித்துவைத்த நேரத்தை மாற்றாமல் அப்படியே ஓடவிடுகின்றனர். மழை பெய்துகொண்டிருக்கையிலும் தெளிப்பான் சுழல்வதைக் காணும்போது மனம் பொறுக்கவில்லை. தண்ணீர் வீணாவதோடு புல்லும் செடியும் கெடுகின்றன என்பதால் இதை எழுதுகிறேன்.

இளவேனிலின் தொடக்கத்தில் வெயில் ஏறியிருப்பதில்லை. மண்ணிலிருந்து ஆவியாகும் நீரும் இலைகள் வழியே வெளியேறும் நீரும் கோடையைவிட மிகக் குறைவு. மேல்மண் வெளுத்துத் தெரிந்தாலும் அதன் கீழே குளிர்காலத்து ஈரம் பெரும்பாலும் தங்கியிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுப் புல்தரை இப்பருவத்தில் மஞ்சளித்தபோது, தண்ணீர் போதவில்லை என்று எண்ணி நாள்தோறும் பாய்ச்சினேன். மஞ்சள் மேலும் பரவியது. ஒரு கொத்தை மண்ணோடு பெயர்த்துப் பார்த்தபோதுதான் வேர்கள் அழுகியிருந்தது தெரிந்தது. மண்துகள்களுக்கு இடையே காற்று இருக்கவேண்டிய இடத்தையெல்லாம் நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுவிட வழியில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

இன்னொன்றும் உண்டு. மேல்மண் எப்போதும் நனைந்திருந்தால் வேருக்குக் கீழே இறங்க வேண்டிய தேவையே இராது. மேலாகவே படர்ந்துவிட்ட அந்த வேர், கோடையில் மேல்மண் காயும்போது முதலில் வாடுகிறது. நாமும் மேலும் மேலும் நீர் விட நேர்கிறது. மாறாக, இப்போதே இடைவெளி விட்டு, பாய்ச்சும் நாளில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை நனையும்படி பாய்ச்சினால், வேர் ஈரத்தைத் தேடிக் கீழே செல்லும்.

எப்போது பாய்ச்சுவது என்பதை நாட்காட்டியைப் பார்க்காமல் மண்ணைத் தொட்டுப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். நீண்ட திருப்புளியை மண்ணில் அழுத்திப் பார்க்கலாம்; எளிதில் இறங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். நடந்து சென்றபின் காலடித் தடம் நிமிராமல் கிடந்தால் புல்லுக்குத் தாகம் என்று கொள்ளலாம். பாய்ச்சுவதானால் அதிகாலையே நல்லது. இரவு முழுதும் இலை நனைந்திருந்தால் பூஞ்சை நோய்க்கு இடம் கொடுக்கும். களிமண் நீரை மெதுவாகவே உறிஞ்சும் என்பதால், வழிந்தோடத் தொடங்கியதும் நிறுத்தி, அரைமணி கழித்து மீண்டும் விடலாம்.

புதிதாக விதைத்த புல்லுக்கும், அண்மையில் நட்ட கன்றுகளுக்கும், மழை படாத கூரையோரச் செடிகளுக்கும் இந்தச் சிக்கனம் பொருந்தாது. அவற்றை நாள்தோறும் கவனிக்க வேண்டும்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் புல்தரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் தானாகவே கிடைத்துவிட்டது என்று பொருள். ஆகவே வானிலைச் செய்தியோடு, முந்தைய ஏழு நாள்களில் பெய்த மழையின் அளவையும் வாரம் ஒருமுறை தாங்கள் வெளியிட்டால், அதைப் பார்த்து வாசகர்கள் தங்கள் தெளிப்பானின் நேரத்தைக் குறைத்துக்கொள்ள முடியும். இதைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்