சேர்த்துக்கொண்டீர்கள், இனிச் சொல்லிக்கொடுங்கள்: அரசு கலைக் கல்லூரிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சர், செயலர் அவர்களுக்கும், மாணவர் விடுதிகளை நடத்தும் நலத்துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் தென்மாவட்டம் ஒன்றில், அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். அரசு விடுதியில் தங்கிப் படிக்கிறேன். எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கல்லூரியின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் முதல்வருக்கு ஒரு மெமோ போகும், அவர் ஒரு விளக்கம் கொடுப்பார், கோப்பு மூடப்படும். பக்கத்து மாவட்டங்களில் படிக்கும் தோழிகளிடம் பேசிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டால் அவர்கள் கதையும் இதேதான்.

நன்றி சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021-22 அறிக்கைப்படி, உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம். தமிழ்நாட்டில் அது 47 சதவீதம். அந்த எண்ணுக்குள் இருப்பவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆயிரம் ரூபாயில் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் எங்கள் வகுப்புக்கு வந்து கேட்கட்டும். என் பக்கத்தில் உட்காரும் பெண்ணை ஸ்பின்னிங் மில்லுக்கு அனுப்புவதாக வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். மாதாமாதம் பணம் வரும் என்று தெரிந்த பிறகுதான் அவளுடைய அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்கு அந்தப் பணம் தேர்வுக் கட்டணமாகவும் ரெக்கார்டு நோட்டாகவும் போன் ரீசார்ஜாகவும் ஆகிறது. வீட்டில் கை நீட்டாமல் படிக்க முடிகிறது. இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் கல்லூரி வாசல்வரை எங்களைக் கூட்டிவந்தவர்கள், உள்ளே வந்த பிறகு எங்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் கணக்கெடுக்கிறீர்கள். எத்தனை வகுப்பு நடந்தது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

நான் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது எங்கள் துறையில் ஆசிரியர்களில் பாதிக்கு மேல் கௌரவ விரிவுரையாளர்கள், அதாவது நிரந்தரப் பணி இல்லாமல் தொகுப்பூதியத்துக்குப் பாடம் எடுப்பவர்கள். இன்றும் அப்படித்தான். 2024 மார்ச்சில், ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டபோது நான் இரண்டாம் செமஸ்டர். கௌரவ விரிவுரையாளரான எங்கள் மேடம் ஒருவர் அன்று வகுப்பு முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார். அந்த ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்குப் புதிதாக அறிவிக்கை வந்தபோது நான் ஐந்தாம் செமஸ்டரில் இருந்தேன். ஒரு நியமனத்துக்கு ஆகிற காலத்தில் நான் ஒரு பட்டப்படிப்பையே முடித்துவிட்டேன். இந்த மூன்று ஆண்டும் எனக்குத் திரும்பக் கிடைக்காது.

கௌரவ விரிவுரையாளர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. எனக்கு வேதியியல் பிடித்துப்போனதே அவர்களில் ஒருவரால்தான். முனைவர் பட்டம் வாங்கியவர், கல்லூரி ஆசிரியர் பணிக்கான செட் தகுதித் தேர்வும் பாஸ் செய்தவர். அவர்களுடைய தொகுப்பூதியம் 20,000 ரூபாயிலிருந்து 25,000 ஆனபோது அதைப் பெரிய உயர்வாகத்தான் அறிவித்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியிலேயே ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வழிகாட்டியிருந்தது. கிடைத்தது அதில் பாதி. மே மாதம் சம்பளம் கிடையாது. சில மாதங்கள் சம்பளம் தாமதமாகும். எங்களிடம் சொல்ல மாட்டார்கள், ஆனால் தெரிந்துவிடும். சாயங்காலம் டியூஷன் சென்டரில் எடுக்கிறார்கள், சனி ஞாயிறு வேறு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் பணிநிரந்தரம் கேட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்தால் எங்கள் வகுப்பு நிற்கிறது. அப்போதும் எங்களுக்கு அவர்கள்மேல் கோபம் வந்ததில்லை. செமஸ்டர் நடுவில் நல்ல வேலை கிடைத்து ஒருவர் போய்விட்டால், அந்தப் பேப்பருக்கு ஆள் வருவதற்குள் இன்டர்னல் தேர்வு வந்துவிடுகிறது. எங்களுக்கு ஸ்பெக்ட்ராஸ்கோபி அப்படித்தான் போனது. யூடியூபில் யாரோ இந்தியில் நடத்திய வீடியோவைப் பார்த்து, படத்தை மட்டும் வைத்துப் புரிந்துகொண்டு தேர்வு எழுதினோம்.

ஆய்வகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது அறிக்கைகளில் வராது. ஆக்ஸாலிக் அமிலத்தைக் கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கி, பியூரெட்டிலிருந்து, அதாவது அளவுக்கோடு போட்ட, அடியில் திருகு குழாய் உள்ள கண்ணாடிக் குழலிலிருந்து, பொட்டாசியம் பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒவ்வொரு சொட்டும் ஊதாவாக விழுந்து கலைந்து போகும். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு சொட்டு போதும், குடுவை முழுக்க வெளிர் இளஞ்சிவப்பாகிக் கலையாமல் நிற்கும். அந்தச் சொட்டைத் தவறவிட்டால் கணக்கு தப்பு. இது கையால் பழக வேண்டிய வேலை. பார்த்துப் பழக முடியாது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு பியூரெட்டுக்கு ஐந்து பேர். ஒருத்தி குழாயைத் திருப்புவாள், ஒருத்தி குடுவையை ஆட்டுவாள், ஒருத்தி அளவைப் படிப்பாள், மற்ற இரண்டு பேர் எழுதிக்கொள்வார்கள். பாதி பியூரெட்டுகளில் குழாய் ஒழுகும். வாசலினைத் தடவிச் சமாளிப்போம். அப்புறம் பிராக்டிக்கல் தேர்வில் ஒவ்வொருத்தியும் தனியாக நிற்க வேண்டும். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் என் தோழிக்குக் கை நடுங்கியது. அவள் படிக்காத பெண் இல்லை. அதற்கு முன் குழாயைத் திருப்பும் வாய்ப்பே அவளுக்கு வந்ததில்லை.

வேதிப்பொருள் வாங்கும் பணம் செமஸ்டர் பாதி போன பிறகு வந்தால் யாருக்கும் பயன் இல்லை. ஜூன் மாதமே வந்தால் அதே தொகையில் கூடுதலாகப் பிராக்டிக்கல் நடத்தலாம் என்று எங்கள் லேப் உதவியாளர் அண்ணனே சொல்கிறார்.

எங்களில் பெரும்பாலானோர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். நூலகத்தின் மூலையில், தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் எழுபதுகளில் வெளியிட்ட கல்லூரி வேதியியல் புத்தகங்கள் சில கிடக்கின்றன. தாள் பழுத்துவிட்டது, அட்டை பிரிந்துவிட்டது. ஆனாலும் வெப்ப இயக்கவியல் எனக்கு முதலில் புரிந்தது அதில்தான். அன்றைக்கு யாரோ ஒரு பேராசிரியர் என்னைப் போன்ற ஒரு மாணவியை மனதில் வைத்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இப்போதைய பாடத்திட்டத்துக்கு அப்படி ஒரு வரிசை நூலகத்தில் இருந்தால், பாதி அரியர் குறையும் என்று நம்புகிறேன்.

இனி விடுதி. கல்லூரி மாணவர்களுக்கான உணவுத் தொகையை 2023-ல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தினீர்கள். நல்ல விஷயம். ஆனால் 1,500-ஐ முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் ஒரு வேளை அளவுச் சாப்பாடே அதைவிட அதிகம். தக்காளி விலை ஏறும் வாரத்தில் எங்கள் ரசத்தில் தக்காளி இருக்காது. சமையல்கார அம்மா திருடுகிறார் என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். நான் அவரோடு காய் நறுக்க உட்கார்ந்திருக்கிறேன். இருக்கிறதை வைத்து அவர் படும் பாடு எனக்குத் தெரியும். இந்தத் தொகையை யாராவது கோரிக்கை வைத்த பிறகு, பல ஆண்டுக்கு ஒருமுறை உயர்த்துவதற்குப் பதிலாக, விலைவாசிக் குறியீட்டெண்ணோடு சேர்த்து வருடா வருடம் தானாக உயரும்படி ஓர் அரசாணை போடுங்கள். அகவிலைப்படிக்கு அப்படிச் செய்ய முடிகிறது அல்லவா, உணவுக்கும் முடியும்.

சாப்பாட்டைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கல்லூரி ஒரு துறை, விடுதி இன்னொரு துறை, தேர்வு நடத்துவது பல்கலைக்கழகம். இந்த மூன்றுக்கும் தனித்தனி நாட்காட்டி. போன வருடம் தேர்வு அட்டவணை தள்ளிப்போனது. விடுதியோ விடுமுறைக் கணக்குப்படி சமையலை நிறுத்திவிட்டது. காப்பாளரிடம் கேட்டோம், கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார். கல்லூரியில் கேட்டோம், விடுதி எங்கள் கட்டுப்பாட்டில் இல்லையே அம்மா என்றார்கள். இருவர் சொன்னதும் உண்மைதான். கடைசி இரண்டு பேப்பருக்கு மலைக்கிராமத்துப் பெண்கள் பிஸ்கட்டும் டீயுமாக இருந்து எழுதினார்கள். ஊருக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாள் போய்விடும், பஸ் காசும் இல்லை. 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதிகள் என்று ஒரே பெயர் வைத்தீர்கள். பெயரை ஒன்றாக்க முடிந்தது என்றால், நாட்காட்டியையும் ஒன்றாக்க முடியும். மாவட்டத்துக்கு ஓர் அலுவலர் போதும்: கடைசித் தேர்வு முடியும்வரை அடுப்பு எரிய வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ள.

கழிப்பறையைப் பற்றி எழுதாமல் விட நினைத்தேன். தோழிகள்தான் எழுதச் சொன்னார்கள். மாடியில் இருக்கும் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. கீழே இருப்பதற்கு முன்னால் இடைவேளையில் நிற்கும் வரிசை, மணி அடித்த பிறகும் நகராது. அதனால் காலையில் கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை சாப்பிடாத பெண் எங்கள் வகுப்பில் குறைவு. மாதவிடாய் நாட்களில் வருகைப்பதிவு ஏன் குறைகிறது என்று கேட்கிறார்கள். 75 சதவீத வருகை கட்டாயம் என்கிற விதி இருக்கும் இடத்தில், ஒரு மோட்டாரும் ஒரு குழாயும் எத்தனை பேரின் ஹால் டிக்கெட்டைத் தீர்மானிக்கின்றன என்று பாருங்கள்.

இதையெல்லாம் உரிய இடத்தில் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னோம். மாணவர் குறைதீர்ப்புக் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும், மாணவர் பிரதிநிதி ஒருவரைச் சிறப்பு அழைப்பாளராகச் சேர்க்க வேண்டும், புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறை சொல்கிறது. எங்கள் கல்லூரியில் குழுவின் பெயர்ப்பட்டியல் சுவரில் இருக்கிறது. அதில் மாணவர் யாரும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. கொடுத்த பிறகு, இன்டர்னல் மார்க்கில் கை வைத்துவிடுவார்களோ என்று நாங்கள் பயந்ததுதான் மிச்சம். 25 மதிப்பெண் ஆசிரியர்கள் கையில் இருக்கும்போது, பெயர் போட்டுப் புகார் கொடுக்க எந்தப் பெண்ணுக்கும் எளிதில் துணிவு வராது.

கருத்துப் படிவமும் வருகிறது, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் வருடத்தில். ஆசிரியர் பாடத்தை முடிக்கிறாரா, ஆம், இல்லை. அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லை என்று எழுத அதில் இடம் கிடையாது. நிரப்பிக் கொடுத்தோம். அதை யார் படித்தார்கள், படித்துவிட்டு என்ன மாற்றினார்கள் என்று எங்களிடம் யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை.

ஆகவே நான் கேட்பது இது. ஒவ்வொரு அரசுக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலும், ஒவ்வொரு துறைக்கும் ஒரு தாள் ஒட்டச் சொல்லுங்கள். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை, நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர், இந்த மாதம் நடந்திருக்க வேண்டிய வகுப்பு எத்தனை, நடந்தது எத்தனை. விடுதி வாசலிலும் அப்படியே: இந்த மாதம் வந்த தொகை, வாங்கிய பொருள், வந்த புகார், அதற்குக் கொடுத்த பதில். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், செயலியும் வேண்டாம். மாதக் கடைசியில் துறைத்தலைவரும் மாணவர் ஒருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரு தாள் போதும். அந்தத் தாள்களின் நகல் உங்கள் மேசைக்கு வரட்டும். சேர்க்கை விகிதத்தைச் சட்டமன்றத்தில் வாசிக்கிறீர்கள். அடுத்த மானியக் கோரிக்கையின்போது, நடந்த வகுப்புகளின் கணக்கையும் சேர்த்து வாசியுங்கள்.

காலியிடங்கள் நிரம்பும்வரை, ஏற்கெனவே இருக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு மானியக் குழு சொன்ன ஊதியத்தைப் பன்னிரண்டு மாதமும் கொடுங்கள். எங்களுக்குப் பாடம் எடுத்தவர்களுக்காக நாங்கள் கேட்கக்கூடியது இதுதான்.

நான் இன்னும் சில வாரங்களில் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவேன். இது எனக்குப் பயன்படாது. எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளைகள் இப்போதே எந்தக் கல்லூரி, எந்தத் துறை என்று என்னிடம் கேட்கிறார்கள். கெமிஸ்ட்ரி எடுக்கலாமா அக்கா என்று கேட்பவர்களிடம், எடு என்றுதான் சொல்லியிருக்கிறேன். விண்ணப்பப் பதிவு தொடங்குவதற்கு முன், வரும் ஜூனில் அவர்கள் வகுப்பில் உட்காரும்போது அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருப்பாரா என்பதற்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவி,
அரசு கலை அறிவியல் கல்லூரி.