லட்சம் குஞ்சுகள் சரி, தாய்கள் எத்தனை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாக் விரிகுடாவில் பச்சை வரி இறால் குஞ்சுகளை விட்ட செய்தி அவ்வப்போது படத்தோடு வருகிறது. எத்தனை லட்சம் குஞ்சு, எந்தக் கரை, யார் முன்னிலை என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் குஞ்சுகள் எத்தனை தாய்களுக்குப் பிறந்தவை என்பது மட்டும் இருக்காது. தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளிலிருந்து காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இறாலும் நண்டும் வந்துகொண்டிருக்க வேண்டுமானால், இனி அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். குஞ்சு விடும் வேலையின் மேல் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. மெலிந்துபோன கடலுக்கு விதை போடுவது நல்ல காரியமே. எந்த விதை என்பதுதான் கேள்வி.

ஒரு தாய் இறால் ஒரே இரவில் லட்சக்கணக்கில் முட்டையிடும். ஆகவே பத்துத் தாய் கிடைத்தாலே பல லட்சம் குஞ்சுகளை எடுத்துவிடலாம். பொரிப்பகத்துக்கு அது செலவு மிச்சம், கடலுக்கு அது ஆபத்து. மரபியலில் ஒரு கூட்டத்தைத் தலை எண்ணி அளப்பதில்லை. அடுத்த தலைமுறைக்குத் தங்கள் மரபணுவை உண்மையில் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். இதைப் பயனுறு கூட்ட அளவு என்போம். இரண்டு ஆணும் ஐம்பது பெண்ணும் உள்ள கூட்டத்தில் தலைக்கணக்கு 52. பயனுறு அளவோ 8-க்கும் குறைவு. ஆண், பெண் எண்ணிக்கைகளைப் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுத்தால் இந்த எண் வரும்.

குஞ்சு விடுதலுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கடலில் இயற்கையாக உள்ள கூட்டத்தின் பயனுறு அளவு 1,000 என்றும், பொரிப்பகத் தாய்களின் பயனுறு அளவு 10 என்றும் வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறையில் பாதி பொரிப்பகக் குஞ்சுகள், பாதி கடலில் பிறந்தவை என்றால், இரண்டும் கலந்த கூட்டத்தின் பயனுறு அளவு 1,010 ஆகாது. வெறும் 40 ஆகிவிடும். ஒவ்வொரு பங்கையும் வர்க்கமாக்கி அதனதன் அளவால் வகுத்துக் கூட்டித் தலைகீழாக்கினால் யாரும் சரிபார்க்கலாம். அதே தாய்களின் குஞ்சுகள் பத்தில் ஒரு பங்கு மட்டும் இருந்தால் 550-க்குக் குறையாது. பாதிப் பங்கே இருந்தாலும் தாய்களின் பயனுறு அளவு 100 ஆக இருந்தால் 360-ஐத் தாண்டும். அதாவது, விட்ட குஞ்சுகள் நன்றாகப் பிழைக்கப் பிழைக்கத்தான் கெடுதல் கூடுகிறது. திட்டம் வெற்றி என்று எல்லோரும் மகிழும் ஆண்டில்தான் மரபு வளம் அதிகம் கரையும். 40 என்ற அளவிலேயே நின்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் 1.25 விழுக்காடு மரபுப் பன்மை போகும், பத்துத் தலைமுறையில் 12 விழுக்காட்டை ஒட்டி. இறாலுக்குப் பத்துத் தலைமுறை என்பது ஏறக்குறைய பத்தே ஆண்டு.

“கடல் பெரியது, எல்லாம் கலந்துவிடும்” என்று சொல்வதுண்டு. கலக்கத்தான் செய்யும். ஆனால் கடலில் பிள்ளைப்பேறே ஒரு குலுக்கல் போல நடக்கிறது. கோடி முட்டையில் எந்தத் தாயின் குஞ்சு சரியான நேரத்தில் சரியான நீரோட்டத்தில் சிக்கியதோ அதுவே பிழைக்கும். நியூசிலாந்தின் டாஸ்மான் விரிகுடாவில் சங்கரா இன மீன் ஒன்றின் பழைய செதில்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். லட்சக்கணக்கில் மீன் இருந்த அந்தக் கூட்டத்தின் பயனுறு அளவு சில நூறைக்கூட எட்டவில்லை. 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் நாடுகள் ஏற்ற பல்லுயிர்ச் சட்டகத்தில், பயனுறு அளவு 500-க்கு மேல் உள்ள கூட்டங்கள் எத்தனை என்பது ஓர் அளவுகோல். மரபணுத் தரவு இல்லாத இடத்தில் தலைக்கணக்கில் பத்தில் ஒன்று என்று தோராயமாக எடுப்பது வழக்கம். காட்டு விலங்குக்கு அது பொருந்தலாம். கடல் மீனுக்கும் இறாலுக்கும் அதை அப்படியே எடுத்தால் பொய்யான நிம்மதிதான் கிடைக்கும்.

சூடு இதில் எங்கே வருகிறது? இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1950 முதல் 2020 வரை பத்தாண்டுக்கு 0.12 டிகிரி வீதம் சூடேறியிருக்கிறது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பத்து மீட்டர் ஆழம்கூட இல்லாதது. வாடைக் காற்று ஓய்ந்து சோழகம் என்னும் தென்காற்று எழும் முன் கடல் அசையாமல் கிடக்கும் நாட்களில் நீர் சட்டென்று கொதிப்பேறும். அந்தச் சூட்டைத் தாங்கும் மரபணு வகை எல்லா இறாலிடமும் இருக்காது. நூற்றில் ஐந்து பிரதிகளாக உள்ள வகை ஒன்று, ஐந்து பெற்றோரைப் பிடித்தால் அதில் அகப்பட 40 விழுக்காடு வாய்ப்பே உண்டு. முப்பது பெற்றோர் என்றால் 95. நூற்றில் ஒன்றாக உள்ள அரிய வகை அதே 95 விழுக்காடு வாய்ப்போடு அகப்பட 150 பெற்றோர் வேண்டும். நாளைக்கு எந்த வகை கைகொடுக்கும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பொறுக்கி எடுக்க முடியாது, அள்ளித்தான் காக்க வேண்டும்.

பொரிப்பகத்தில் தவறு எங்கே நடக்கிறது என்று சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடலில் பிடித்த தாய் பெரும்பாலும் ஏற்கெனவே இணைசேர்ந்தது. ஆணின் விந்துப் பை அதன் நெஞ்சின் அடிப்புற அறையில் இருக்கும். ஆக ஒரு தாயைக் கொண்டுவந்தால் கடலிலிருந்த ஒரு தந்தையும் உடன் வந்த கணக்கு. ஆனால் தொட்டியில் நாள் கடத்தி அது ஓடு கழற்றிவிட்டால் விந்துப் பையும் ஓட்டோடு போய்விடும். பிறகு தொட்டியில் உள்ள ஆணோடுதான் சேர வேண்டும். அங்கே திடமான இரண்டு மூன்று ஆண்களே எல்லாப் பெண்களோடும் சேர்ந்துவிடும். மேலே சொன்ன இரண்டு ஆண் கணக்கு இதுதான். ஆகவே ஓடு கழற்றும் முன் முட்டையெடுப்பதே நல்லது. கழற்றிய தாயை வேறு தொட்டிக்கு மாற்றிக் குறித்துவைக்க வேண்டும்.

அடுத்த தவறு, பல தாய்களை ஒரே தொட்டியில் முட்டையிட விடுவது. எல்லாம் ஒரே இரவில் இடுவதில்லை. முதல் நாள் இரவில் இட்ட இரண்டு மூன்று தாய்களின் நாப்ளியே, அதாவது முட்டையிலிருந்து வரும் முதல் நிலைக் குஞ்சே, வளர்ப்புத் தொட்டிகளை நிரப்பிவிடும். பிந்தியவற்றுக்கு இடம் இருக்காது, வடித்து ஊற்றிவிடுவார்கள். பதிவேட்டில் ஐம்பது தாய் என்று இருக்கும், குஞ்சுகள் மூன்று வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும். இதற்கு மாற்று ஒன்றும் பெரிய தொழில்நுட்பம் அல்ல. ஒரு தாய்க்கு ஒரு தொட்டி. பொரித்ததும் நீரை மெல்லக் கலக்கி 100 மில்லி வீதம் மூன்று முறை எடுத்து எண்ணி, சராசரி போட்டு, தாய்க்கு 40,000 நாப்ளி மட்டும் எடுங்கள். 50 தாய்க்கு 20 லட்சம். மிச்சமுள்ளதை ஆசைப்பட்டுச் சேர்க்கக் கூடாது. எல்லாத் தாய்க்கும் சம பங்கு கிடைத்தால் பயனுறு அளவு பெற்றோர் எண்ணிக்கையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை உயரும். செலவில்லாமல் கிடைக்கும் லாபம் இது.

நாப்ளியிலேயே கலந்துவிட்டால் பிறகு ஜோயா என்னும் அடுத்த நிலையில் ஒரு வீட்டுக் குஞ்சு மொத்தமாகச் செத்தாலும் தெரியாது. பிஎல் (போஸ்ட்லார்வா) எனும், இறால் உருவம் பெற்ற குஞ்சு நிலை வரை தனித்தனியாக வளர்த்துக் கலந்தால் சமம் உறுதியாகும், ஆனால் தொட்டியும் ஆளும் மூன்று நான்கு மடங்கு வேண்டும். எங்கள் யோசனை நடுவழி: ஐந்து தாய்க்கு ஒரு வளர்ப்புத் தொட்டி, பிஎல் வந்ததும் தொட்டிக்குத் தொட்டி எண்ணிச் சமமாகக் கலப்பது. ஒரு தொட்டி கெட்டால் பத்தில் ஒரு பங்கோடு போகும்.

தாய்கள் விடும் கடலிலேயே பிடித்தவையாக இருக்க வேண்டும். பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் பாம்பன் வழியாகத் தொட்டுக்கொண்டாலும் ஆழம், உப்பு, கலங்கல் எல்லாம் வேறு. ஆகவே எந்தக் கரையில் இறங்கிய தாய் என்பதைப் பிடித்த நாளிலேயே எழுத வேண்டும். அடுத்த ஆண்டு புதுத் தாய்கள்; பழையதையோ பொரிப்பகத்தில் வளர்ந்ததையோ திரும்பப் பயன்படுத்தக் கூடாது. வெள்ளைப்புள்ளி வைரஸுக்குப் பிசிஆர் சோதனை செய்யாமல் ஒரு குஞ்சும் கடலுக்குப் போகக் கூடாது.

கடற்புல்லுக்கும் இதே நியாயம். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசுவின் சோறே கடற்புல்தான். அழிந்த இடத்தில் மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி நட்டு மீட்கிறார்கள். பிடித்து வளரும், பார்க்கப் பச்சையாக இருக்கும். ஆனால் ஒரே திட்டிலிருந்து பறித்து நட்டால் அத்தனையும் ஒரே செடியின் நகல்களாக இருக்கலாம். கடற்புல் தண்டோடிப் பரவும் தாவரம். ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் 180 கிலோமீட்டர் பரந்த புல்வெளி முழுவதும் ஒரே செடி என்று 2022-இல் கண்டார்கள். பால்டிக் கடலில் ஒரு மரபு வகை மட்டும் நட்ட பாத்தியையும் ஆறு வகை கலந்து நட்ட பாத்தியையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது 2003-இன் கடும் வெயில் வந்தது. ஆறு வகைப் பாத்திகளே அடர்ந்து மீண்டன. இனம் ஒன்றுதான், வகைகள் மட்டுமே வேறு.

ஆகவே நாற்று எடுக்கும்போது ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும் ஆறு முதல் பத்துத் திட்டுகளிலாவது எடுக்க வேண்டும். கரையோரத்தில் வெயில் காயும் ஆழமற்ற திட்டுகளை விட்டுவிடக் கூடாது, சூடு பழகிய வகை அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். நுனி முளை இல்லாத தண்டு எளிதில் பரவாது. கடல்நீரில் நனைத்த சாக்கில் வைத்து அன்றைக்கே நட வேண்டும். எந்தச் சட்டத்தில் எந்தத் திட்டின் நாற்று என்று எழுதிவைத்தால்தான் வெயில் முடிந்தபின் எது நின்றது என்று தெரியும்.

பவளத்துக்கும் இது பொருந்தும். ஒரு பவளத்தை ஒடித்து ஐம்பது துண்டாக நட்டால் அது ஐம்பது பவளம் ஆகாது, ஒன்றுதான். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தபோது பக்கத்தில் வெளுக்காமல் நின்றவற்றைக் குறித்துவைத்திருந்தால் அவையே முதல் தாய்கள்.

ஆமைக் குஞ்சு பொரிப்பகங்களுக்கு ஒன்றே ஒன்று: மணல் 29, 30 டிகிரியைத் தாண்டத் தாண்டப் பெண் குஞ்சுகளே கூடும். நூற்றில் 95 பெண், 5 ஆண் என்று ஆனால் பயனுறு அளவு 19. குழிகளுக்கு மேலே கீற்றுப் பந்தலும், மணலில் ஒரு வெப்பமானியும் போதும்.

செட்டிநாட்டு அடுக்களைக்கும் இதில் பங்கு உண்டு. அடிமடலுக்கு வெளியே முட்டைக்கொத்து ஒட்டிய நீலக்கால் நண்டை வாங்காதீர்கள். கொத்து மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் இப்போதுதான் இட்டது; கறுத்திருந்தால் ஓரிரு நாளில் பொரிக்கும். குழம்புக்கு அதில் சுவை ஒன்றும் கூடுவதில்லை. சிவப்பாக உள்ளே இருக்கும் சினை வேறு, இது வேறு. கரையிலேயே அதைக் கடலில் திரும்ப விடும் மீனவருக்கு அந்த எடைக்கான விலை கிடைக்க வழி செய்தால்தான் இது நடக்கும், வெறும் அறிவுரையால் நடக்காது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, இன்றைய மரபு வளத்தின் மாதிரியை இன்றே எடுத்துவைப்பது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிகளில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். அதில் இனத்தின் பெயரோடு நின்றுவிடாமல், கரைவாரியாக மாதிரி எடுத்த விவரமும் சேர வேண்டும். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. 1983-இல் தொடங்கப்பட்ட, மீன் மரபு வளத்துக்கென்றே உள்ள தேசிய அமைப்பு இப்போது லக்னோவில் இருக்கிறது. இரண்டையும் இணைத்து, ஓர் இனத்துக்கு ஒரு கரையில் 50 உயிர் வீதம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே கரையில் அதே மாதத்தில் எடுத்தால் போதும். கொல்லத் தேவையில்லை. மீனில் துடுப்பு ஓரம், இறாலில் ஒரு நீச்சல் கால், அரிசியளவு தசை. அதை 95 விழுக்காடு எத்தனாலில், தசையைப் போல ஐந்து மடங்காவது திரவம் இருக்கும்படி போட்டு, மறுநாள் திரவத்தை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தசையில் ஊறிய நீர் எத்தனாலை நீர்த்துப்போகச் செய்து டிஎன்ஏ சிதையும். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். கல்லூரி அருங்காட்சியகங்களில் ஃபார்மலினில் பல ஆண்டுகளாக நிற்கும் மீன்கள் உருவத்துக்கு உதவும், ஆனால் அவற்றின் டிஎன்ஏ பெரும்பாலும் துண்டு துண்டாகியிருக்கும். ஆகவே இனி சேகரிக்கும் ஒவ்வொன்றிலும் ஃபார்மலினில் போடும் முன் ஒரு துண்டு எத்தனாலுக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை குஞ்சு விடும் செய்தியை வெளியிடும்போது தங்கள் செய்தியாளர் மூன்றைக் கேட்டு எழுத வேண்டுகிறோம்: முட்டையிட்ட தாய்கள் எத்தனை, அவை எந்தக் கரையில் பிடித்தவை, ஒவ்வொரு தாயின் நீச்சல் கால் மாதிரியும் எடுத்துவைக்கப்பட்டதா.

இப்படிக்கு,
கடல் உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
காரைக்குடி, தேவகோட்டை.