வாசகசாலை உள்மரப் பணி: நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் வாசகசாலையின் கூடம், புத்தக அலமாரிகள், கூட்ட அறை மூன்றிலும் உள்மரப் பணி முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கைத் தனியாக இணைத்திருக்கிறோம். பலகைகளின் மேல் எந்த இடத்தில் எந்தத் தாளை ஒட்டினோம், ஏன் ஒட்டினோம் என்று பொதுக்குழுவில் பலரும் கேட்டீர்கள். அதற்குத்தான் இந்த அறிக்கை.

நீங்கள் எங்களிடம் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: இருபது வருஷம் பார்த்தாலும் கண்ணுக்குச் சலிக்கக் கூடாது. பழைய அலமாரிகளைக் கழற்றிய அன்று அந்த வார்த்தையின் அருமை தெரிந்தது. உள்ளே பலகை கல் மாதிரி இருந்தது. மேலே ஒட்டியிருந்த கருஞ்சிவப்புப் பளபளப்பும், எந்த மரத்திலும் காண முடியாத சுழிகளும்தான் அதைப் பழசாக்கியிருந்தன.

வெனீரா, லேமினேட்டா என்பதிலேயே முதல் இரண்டு கூட்டங்கள் போயின. வெனீர் என்பது சுமார் அரை மில்லிமீட்டர் கனத்தில் சீவிய நிஜ மரம். லேமினேட் என்பது பிசினில் தோய்த்த தாள்களை அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே தகடாக்கியது. மேலே தெரியும் மரம், தாளில் அச்சிட்ட படம். ஆசாரிகள் இதை மைக்கா என்றே சொல்கிறார்கள். ஆனால் இதில் மைக்கா என்ற கனிமம் துளியும் கிடையாது. மின்காப்புக்கு மைக்காவுக்குப் பதிலாக இப்படி ஒரு தகட்டைச் செய்த ஃபேபர், ஓ'கானர் என்ற இரண்டு அமெரிக்கர்கள், 1913-இல் தொடங்கிய நிறுவனத்துக்கு 'மைக்காவுக்குப் பதில்' (for mica) என்று அர்த்தம் வரும்படி ஃபார்மைக்கா என்று பெயர் வைத்தார்கள். வீட்டு மேசைகளுக்கெல்லாம் அது வந்தது பிற்பாடுதான்.

ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்த வேண்டியதில்லை என்று முடிவு செய்தோம். கை புழங்கும் இடத்துக்கு லேமினேட், கண் தங்கும் இடத்துக்கு வெனீர். படிக்கும் மேசைகள், புத்தகம் உரசிக்கொண்டே இருக்கும் தட்டுகள், தண்ணீர்க் குழாயை ஒட்டிய அலமாரி எல்லாம் லேமினேட். மேடைக்குப் பின்சுவரும் கண்ணாடி அலமாரிகளின் சட்டங்களும் தேக்கு வெனீர். மரத்தைச் சாயமேற்றி, பிசினிட்டுக் கட்டையாக்கி, மறுபடி சீவிச் செய்யும் வெனீரும் பார்த்தோம். தாளுக்குத் தாள் அச்சாக ஒரே மாதிரி வரும். ஒரு முழுச் சுவரில் அந்த ஒற்றுமை எங்களுக்கு உயிரில்லாமல் தெரிந்தது. விட்டுவிட்டோம்.

மரத்தில் ஓடும் ரேகை விஷயத்தில்தான் அதிகம் தடுமாறினோம். கையளவு மாதிரித் துண்டில் கோபுரம் கோபுரமாக எழும் ரேகைதான் எல்லோருக்கும் பிடித்தது. முழுத் தாள்களை வரவழைத்துச் சுவரோரம் வரிசையாக நிறுத்திப் பார்த்தால், கண் ஓர் இடத்தில் நிற்கவே இல்லை. நேர்கோடாக ஓடும் ரேகையை நிறுத்தியதும் சுவர் அமைதியானது. நிறமும் அப்படித்தான். கடையில் இளம் பழுப்பாக இருந்த ஒரு தாள், நம் கூடத்து விளக்கில் பச்சை தட்டியது. அதற்கப்புறம் எதையும் காலை வெளிச்சத்தில் ஒரு முறை, விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை பார்க்காமல் ஒத்துக்கொள்ளவில்லை.

பின்சுவர்த் தாள்கள் பன்னிரண்டும் ஒரே மரத்திலிருந்து அடுத்தடுத்துச் சீவியவை. பின்புறம் எண் போட்டே வந்தன. புத்தகம் விரித்தது போல ஒன்று விட்டு ஒன்றைத் திருப்பி ஒட்டலாம் என்றுதான் நினைத்திருந்தோம். மூத்த ஆசாரி நான்கு தாள்களைத் தரையில் அப்படி விரித்துவிட்டு, "ஜன்னல் பக்கம் வந்து பாருங்கள்" என்றார். ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு என்று பட்டை பட்டையாகத் தெரிந்தது. திருப்பிப் போட்ட தாளில் நார் எதிர்ப்பக்கம் சாய்கிறது, வெளிச்சம் வேறு மாதிரி விழுகிறது என்றார். அதனால் திருப்பாமல் அப்படியே பக்கம் பக்கமாக வைத்தோம். அதிலும் ஏழாம் தாள் தலைகீழாக இருந்தது. கோடுகளை வைத்து எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, குனிந்து பார்த்துச் சொன்னார். இந்தச் சுவர் இவ்வளவு நன்றாக அமைந்ததற்கு அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மேசைகளுக்கு மினுமினுப்பு இல்லாத இள ஓக் நிறம் எடுத்தோம். மரக்கணு இல்லாத அச்சாகத் தேடினோம். நீள மேசையில் ஒரே கணு இரண்டு இடத்தில் தெரிந்தால் படம் என்று காட்டிக்கொடுத்துவிடும். லேமினேட்டின் விளிம்பில் தெரியும் கறுப்புக் கோட்டை மறைக்க, அதே நிறத்தில் 2 மி.மீ. பட்டை ஒட்டி முனையை மழுக்கியிருக்கிறோம்.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். கூட்ட அறை அலமாரிக் கதவுகளில் இரண்டு, மாட்டிய சில வாரங்களிலேயே வில்லாக வளைந்தன. முன்பக்கம் மட்டும் லேமினேட் ஒட்டி, பின்பக்கத்தைச் சும்மா விட்டிருந்தார்கள். மூடிய பக்கம் ஈரத்தை வாங்காது, திறந்த பக்கம் வாங்கும், விடும். பலகை ஒரு பக்கமாக இழுபடும். ஒட்டும்போதே நாங்கள் கவனித்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் தன் செலவில் புதுக் கதவு செய்து, இரு பக்கமும் ஒரே கனத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டார். மற்ற கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தோம்.

வெனீர்ச் சுவரில் முதல் ஒரு வருஷம் எதையும் மாட்ட வேண்டாம். வெளிச்சம் பட்டுத் தேக்கின் நிறம் மாறி, பொன்னிறமாக ஒன்றுபடும். படம் மறைத்த இடம் மட்டும் தனிச் சதுரமாக நின்றுவிடும். ஒட்டு நாடாவும் வேண்டாம், பாலிஷோடு உரிந்து வரும். இந்தச் சுவரை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். மேசைகளுக்கு ஈரத்துணி ஆகும், கம்பி நார் ஆகாது. வெனீரில் லேசான கீறல் விழுந்தால் உப்புத்தாள் போட்டு மறுபாலிஷ் செய்யலாம். ஆனால் மரம் அரை மில்லிமீட்டர்தான், நீங்களாக முயலாமல் எங்களிடம் சொல்லுங்கள்.

மீதமான வெனீர்த் தாள் ஒன்றும் லேமினேட் மூன்றும் பொருள் அறையில் படுக்கை வாட்டில் இருக்கின்றன. ஒரே ரக எண்ணில் வாங்கினாலும் அடுத்த முறை நிறம் கொஞ்சம் விலகும், அதனால் வேறு எதற்கும் எடுக்க வேண்டாம்.

ஜன்னல் சட்டங்களுக்கு இரண்டாம் பூச்சு பாலிஷ் மட்டும் பாக்கி. காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் வெண்படலம் கட்டும் என்பதால் உலர்ந்த நாட்களுக்காகக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கட்டடப் பணிக் குழு