சிலந்திப் பட்டின் செலவுக் கணக்கு

ஆசிரியருக்கு,

நொதித்தல் முறையில் தயாராகும் சிலந்திப் பட்டைத் தங்கள் கட்டுரை 'பசுமைத் துணி' என்றே முடித்துவிட்டது. சிலந்திகள் ஒன்றையொன்று தின்றுவிடும், பட்டுப்புழு போல வளர்க்க முடியாது, சரி. ஆனால் சிலந்தியின் பட்டு மரபணுவைப் புகுத்தி, அந்தப் புரதத்தைத் தரும்படி வளர்க்கும் ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை வேண்டும், அது வளரும் கலனுக்குக் காற்றும் குளிர்விப்பும் வேண்டும். 2017-இல் அமெரிக்காவின் போல்ட் திரெட்ஸ் நிறுவனம் இப்படித் தயாரித்து விற்ற கழுத்துப்பட்டை (டை) ஒன்றின் விலை 314 டாலர்! (அதைக் கட்டிக்கொண்டு சாப்பிட யாருக்குத் துணிச்சல் வரும்?)

எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையான பொம்மசந்திராவில் ஒரு என்சைம் ஆலையில் வேலை பார்த்தவன் நான்; என்சைமும் இப்படி நுண்ணுயிரிகளைக் கலனில் வளர்த்து எடுக்கும் புரதம்தான். கலனில் வளர்ப்பதைவிட, அப்புறம் புரதத்தைப் பிரித்து, சுத்தம் செய்து, உலர்த்துவதற்கே எங்களுக்கு அதிகம் செலவானது. கழிவுநீர் தனித் தலைவலி. உயிரித் தொழில்நுட்ப உற்பத்தியை ஊக்குவிக்கும் மத்திய அரசின் 2024 பயோ-இ3 கொள்கையின் கீழ் உதவி கேட்கும் நிறுவனங்கள், ஒரு கிலோ இழைக்கு ஆகும் சர்க்கரை, மின்சாரம், தண்ணீர் அளவை வெளியிட வேண்டும் என நிபந்தனை விதிக்கலாம்.

- ஒரு வாசகர், பெங்களூரு